நாஜுவில் இருக்கும் தாழியும் ஆதிச்சநல்லூர்த் தாழியும்: தெற்கு ஜொல்லா பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மருதூர்க்கால் (ஸ்ரீவைகுண்டம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருஷம் மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் மதகு திறந்து மூடினேன். இளைய மகன் வெல்டர். போன பங்குனியில் கொரியா போனான். யோங்காம் என்ற ஊரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. பக்கத்தில் மோக்போ என்று ஒரு துறைமுகம் இருக்கிறதாம். மாகாணத்தின் பெயர் தெற்கு ஜொல்லா என்கிறான்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மளிகை வாங்க மோக்போ போகும்போது ஓர் அணைமேல் பஸ் போகிறதாம். நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. போனில் காட்டினான். ஆற்றை நடுவில் மறித்து வாய்க்காலுக்குத் திருப்புவது எனக்குத் தெரியும். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டும் அப்படித்தான். கடலில் சேரும் வாயையே அடைத்திருப்பதை நான் கண்டதில்லை. வெள்ளம் வந்தால் எங்கே போகும்? 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்துப் பாலத்துக்கு மேல் தண்ணீர் நின்றதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன்.

அடுத்தது தாழி. நாஜு என்ற ஊரில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினான். அப்படியே நம்ம முதுமக்கள் தாழி! நிறம் மட்டும் கொஞ்சம் சாம்பல் பூத்தது. ஆதிச்சநல்லூர்ப் பறம்பு எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். சின்னப் பிள்ளையில் மழை பெய்து மண் கரைந்தால் தாழியின் வாய் வட்டமாகத் தெரியும், அதைச் சுற்றிக் குந்தியிருப்போம். படத்தைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. வாட்ஸப்பில் சொந்தக்காரர் ஒருவர், தமிழன் போய் ஆண்ட நாடுதான் கொரியா, இது அதற்கு சாட்சி என்று அனுப்பினார். பேத்தி ஏழாம் வகுப்பு. அவளிடம் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதால் இங்கே கேட்கிறேன்.


உப்பளத்து மகள் (ஆறுமுகநேரி) எழுதியது:

ஐயா, வணக்கம். நான் குவாங்ஜுவில் ஐந்தரை வருஷம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஊர் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. உங்கள் மகன் போகிற அந்த அணைமேல் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரைப் பற்றி நம்ம பக்கத்து ஆள் ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நம்ம கடலை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடலை நினைக்கக் கூடாது. புன்னைக்காயலில் ஓதம் ஏறி இறங்குவது முழங்கால் அளவு, மிஞ்சினால் இடுப்பளவு. மோக்போவில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிப் பார்த்தால் நாலு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். காலையில் படகு மிதந்த இடம் மதியம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சேறு. அந்தச் சேற்றில் பெண்கள் ஒரு நீளப் பலகைமேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலால் உந்திக்கொண்டே போய்ச் சிப்பி எடுப்பார்கள். பொல்கியோ என்ற ஊரில் இதைப் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டிய பாட்டிமார். அந்தச் சேற்றுநிலத்தை 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

உங்கள் மகன் பார்த்த ஆற்றின் பெயர் யோங்சான். தாம்யாங் என்ற மூங்கில் ஊர்ப் பக்கத்து மலையில் பிறந்து குவாங்ஜு, நாஜு வழியாக மோக்போவில் சேர்கிறது. நீளத்தில் நம்ம தாமிரபரணிக்கு அக்கா தங்கை என்று சொல்லலாம். ஆனால் வாட்டம் மிகக் குறைவு. அதனால் முன்பெல்லாம் கடல் ஓதம் ஆற்றுக்குள்ளேயே நாஜு வரை ஏறும். அந்த ஓதத்தில் ஏறித்தான் படகுகள் உள்நாட்டுக்கு வந்தன. நாஜுவின் படகுத்துறைக்கு யோங்சான்போ என்று பெயர். அங்கே ஆற்றங்கரையில் 1915-இல் கட்டிய ஒரு கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. கடலே கண்ணில் படாத இடத்தில் கலங்கரை விளக்கம்! மோக்போவிலிருந்து உப்பும் மீனும் மேலே வரும், நாஜுச் சமவெளி நெல் கீழே போகும்.

இதில் விவசாயிக்குக் கஷ்டமும் இருந்தது. கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் வயலுக்கு வரும். மழைக்காலத்தில் மேலிருந்து வெள்ளமும் கீழிருந்து ஓதமும் ஒரே நேரத்தில் சந்தித்தால் வயல் மூழ்கும். 1970-களில் மேல்பகுதியில் நாலு அணை கட்டினார்கள். 1981-இல் வாயில் 4,350 மீட்டர் நீளத்துக்கு இந்த அணையைக் கட்டி முடித்தார்கள். வெள்ளம் எங்கே போகும் என்று கேட்டீர்கள் அல்லவா? கடல் இறங்கும்போது மதகைத் திறப்பார்கள், ஏறும்போது மூடுவார்கள். முப்பத்தொரு வருஷம் நீங்கள் ஆற்றைப் பார்த்துச் செய்த வேலையை அங்கே இருப்பவர் நிலாவையும் பார்த்துச் செய்ய வேண்டும்.

வயலுக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது. புதிதாக நிலமும் கிடைத்தது. ஆனால் ஆறு குளமாகிவிட்டது. தண்ணீர் நின்று நின்று பச்சைப் பாசி பிடித்தது. ஓதம் ஏறின சேற்றுநிலம் போனது, அதில் மீன் பிடித்தவர்கள் பிழைப்பும் போனது. யோங்சான்போவுக்குக் கடைசிப் படகு வந்தது 1977-இல். மதகைத் திறந்து கடல் தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே விடலாமா என்ற பேச்சு அங்கே பல வருஷமாக நடக்கிறது. விவசாயி வேண்டாம் என்கிறார், மீனவர் வேண்டும் என்கிறார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இனித் தாழி. உங்களைப் போலத்தான் நானும் அதன் முன்னால் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்ததும் பெரியம்மா வீட்டுக் குலுக்கை ஞாபகம் வந்தது. ஆனால் அடுத்தடுத்து நாலு தடவை போய்ப் பார்த்த பிறகு வேற்றுமைகள் தெரிந்தன.

நம்ம தாழி செங்குத்தாக நிற்கும். பறம்பில் குழி வெட்டி இறக்கி, மேலே மூடி வைப்பார்கள். நாஜுத் தாழி படுத்திருக்கும். இரண்டு தாழிகளை வாயோடு வாய் சேர்த்து, இணைப்பைக் களிமண்ணால் பூசி, உள்ளே ஆளை நீட்டிப் படுக்க வைப்பார்கள். ஒரு தாழியே என்னைவிட உயரம். இரண்டும் சேர்ந்தால் மூன்று மீட்டர் வரை வரும். குழிக்குள் ஆழமாகப் போகாது. மண்ணைக் குவித்து மேடாக்கி அந்த மேட்டுக்குள் வைப்பார்கள். பன்னாம் என்ற ஊரில் வயலுக்கு நடுவில் அந்த மேடுகள் புல் மூடிக் கிடக்கின்றன. மாலையில் அவ்வளவு அமைதியாக இருக்கும்.

காலமும் வேறு. நம்ம மாவட்டத்துச் சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் உமிக்குப் பொது ஆண்டுக்கு முன் 1155 என்று காலம் கணித்திருக்கிறார்கள். நாஜுத் தாழிகள் பொது ஆண்டு 3-ஆம் நூற்றாண்டிலிருந்து 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. இடையில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் போகிறது. இங்கே தாழி வழக்கம் ஓய்ந்துபோன பிறகுதான் அங்கே பெரிதாகிறது. தாழியில் புதைப்பது பிலிப்பைன்ஸிலும் உண்டு, வியட்நாம் கடற்கரையில் உண்டு, ஜப்பானின் கியூஷூவில் உண்டு. நல்ல களிமண்ணும் ஆற்றங்கரையும் சூளை போடத் தெரிந்த கையும் இருக்கிற இடத்தில் மனிதருக்கு இந்த எண்ணம் தோன்றியிருக்கிறது. நாஜுவில் ஓரியாங் என்ற இடத்தில் 2001-இல் அந்தத் தாழிகளைச் சுட்ட சூளைகளே கிடைத்தன. அங்கே தோண்டிய மண், அங்கே சுட்ட தாழி, அங்கே வாழ்ந்த மனிதர்.

அவர்கள் யார் என்பதும் பேத்திக்குப் பிடிக்கும். அந்தக் காலத்தில் கொரியாவின் தென்மேற்கில் மஹான் என்று பல சிற்றரசுகள் கூட்டாக இருந்தன. வடக்கே பேக்ஜே என்ற அரசு வளர்ந்து ஒவ்வொன்றாக விழுங்கியது. கடைசி வரை தனியாக நின்றது இந்த யோங்சான் ஆற்றங்கரைதான். தாழி அவர்களுடைய அடையாளம். பேக்ஜே உள்ளே வர வர, தாழி குறைந்து கல்லறை கூடுகிறது. நாஜுவில் போகாம் என்ற இடத்தில் ஒரே மேட்டுக்குள் சுமார் 400 வருஷப் புதைப்புகள் இருக்கின்றன. ஒரு கல்லறையைத் திறந்தால் அதற்குள்ளே தாழி! புதிய ஆட்சியின் கல்லறையைக் கட்டிக்கொண்டு, உள்ளே மட்டும் பாட்டன் வழியில் தாழியை வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த மாகாணத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

1917-இல் பன்னாம் மேடு ஒன்றை ஜப்பானியர் தோண்டியபோது தங்கமுலாம் பூசிய வெண்கல மகுடம் ஒன்று தாழிக்குள் இருந்து வந்தது. நம்ம பறம்பில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899-க்குப் பிறகு தோண்டியபோது பொன் நெற்றிப்பட்டம் கிடைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் எடுத்துப்போன பொருள்கள் பெர்லின் போய்விட்டன. நாஜுக்காரர்களுக்கு மகுடம் அவர்கள் ஊரிலேயே பார்க்கக் கிடைக்கிறது. நமக்கும் 2023-லிருந்து பறம்பிலேயே கண்ணாடித் தளம் போட்டு, தாழியைத் தாழி கிடக்கும் இடத்திலேயே காட்டுகிறார்கள். பேத்தியை முதலில் அங்கே அழைத்துப் போங்கள்.


இரட்டைமீன் (பாளையங்கோட்டை) எழுதியது:

அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் கொரியாவுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று முடித்துவிட வேண்டாம். ஹோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசி 48-ஆம் ஆண்டில் கடல் வழியாகப் போய் அங்கே அரசனை மணந்தாள். வந்த நாட்டின் பெயர் அயுத்தா. அது அயோத்தி இல்லை, பொதிகை மலைப் பக்கத்து ஆய் நாடு என்று படித்தேன். அந்த அரசன் கல்லறை வாசலில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறார்கள். இரட்டை மீன் பாண்டியர் சின்னம். கொற்கை நம்ம மாவட்டத்துத் துறைமுகம். அப்பா, அம்மா என்ற சொற்கள் வேறு ஒத்துப்போகின்றன. இதையெல்லாம் எப்படித் தள்ளுவது?


உப்பளத்து மகள் எழுதியது:

தம்பி, தள்ள வேண்டாம். எது எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

முதலில், அந்தக் கதை நடக்கும் ஊர் கிம்ஹே. அது தெற்கு கியோங்சாங் மாகாணம், ஜொல்லாவுக்குக் கிழக்கே. இரண்டுக்கும் நடுவில் ஜிரி மலை நிற்கிறது. அந்தப் பக்கம் காயா என்ற பழைய அரசுகள், இந்தப் பக்கம் மஹான். ஐயா கேட்ட தாழி இந்தப் பக்கத்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் கியோங்சாங்காரர் ஒருவர் இருந்தார்; சாப்பாட்டு மேசையில் அவர் பேச்சையும் ஜொல்லாக்காரர் பேச்சையும் கேட்டாலே இரண்டு நாடு போல இருக்கும். நம்ம நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் எப்படியோ அப்படி.

இளவரசி கதை 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி தொகுத்த நூலில் எழுதப்பட்டது. 48-ஆம் ஆண்டுக்கும் அதற்கும் பன்னிரண்டு நூற்றாண்டு இடைவெளி. கிம்ஹேக்காரர்கள் அவளைத் தங்கள் குலத்தாயாக இன்றும் கும்பிடுகிறார்கள், அந்த மரியாதையை நானும் கொடுக்கிறேன். ஆனால் அயுத்தா எது என்பதற்குக் கல்வெட்டோ காசோ சாட்சி இல்லை. இரட்டை மீன் பல நாட்டுக் கலையில் வரும். அம்மா, அப்பா போன்ற சொற்கள் குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள். எத்தனையோ மொழிகளில் ஒத்துப்போகும். நூறு வருஷத்துக்கு முன் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு விரிவாக எழுதினார். இரண்டிலும் வினைச்சொல் கடைசியில் வருவது உண்மைதான். அதனால் நமக்குக் கொரிய மொழி சீக்கிரம் வரும், எனக்கு வந்தது. ஆனாலும் இரண்டும் ஒரு குடும்பம் என்று மொழியியலாளர்கள் ஏற்கவில்லை.

ஏட்டில் இருக்கிற, மறுக்க முடியாத ஒரு தொடர்பை நான் சொல்கிறேன். 1653-இல் டச்சுக் கம்பெனிக் கப்பல் ஒன்று ஜப்பான் போகிற வழியில் ஜெஜு தீவில் உடைந்தது. பிழைத்தவர்கள் 36 பேர். அவர்களில் கணக்கர் ஹென்ரிக் ஹாமெல். கொரிய அரசன் அவர்களை வெளியே விடவில்லை. 1656-இல் தெற்கு ஜொல்லாவில் காங்ஜின் பக்கத்தில் ஒரு படைத்தளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கோட்டை முற்றத்தில் புல் பிடுங்கி ஏழு வருஷம் கழித்தார்கள். அவர்கள் அங்கே புல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, 1658-இல், அதே டச்சுக் கம்பெனி நம்ம தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது! 1666-இல் ஹாமெலும் ஏழு பேரும் யோசுவிலிருந்து படகில் தப்பி ஜப்பான் சேர்ந்தார்கள். அவர் எழுதிய அறிக்கை மூலமாகத்தான் ஐரோப்பா கொரியாவைப் பற்றி விரிவாகத் தெரிந்துகொண்டது. தூத்துக்குடி முத்துக் கணக்கும் ஹாமெல் கப்பல் கணக்கும் ஒரே கம்பெனியின் ஏடுகளில் இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு ஆச்சரியம் தாங்காது.


குலசைக்காரன் எழுதியது:

ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். கொரியாவின் ராக்கெட் தளமும் தெற்கு ஜொல்லாவில்தான் இருக்கிறது. கோஹங் பக்கத்தில் ஒரு தீவு, நாரோ என்று பெயர். 2009-இல் தொடங்கினார்கள். 2022 ஜூன் 21-இல் நூரி என்ற அவர்கள் சொந்த ராக்கெட் அங்கிருந்து வெற்றிகரமாகப் போனது. எங்கள் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். காரணமும் ஒன்றுதான். தெற்கே திறந்த கடல் வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றிப் போக வேண்டும். குலசையில் அது இல்லை. நாரோவில் ஜப்பான் மேலே போகாமல் இருக்க வேண்டும். நாட்டின் தென்கோடியில் இருப்பது இப்போதுதான் பயன்படுகிறது.


மருதூர்க்கால் எழுதியது:

மகளே, ரொம்ப நன்றி. கடல் இறங்கும்போது திறப்பது, ஏறும்போது மூடுவது என்று படித்ததும் எழுந்து போய் வீட்டுக்காரியிடம் சொன்னேன். ஓதம் பார்த்து மதகு திறப்பவருக்கு ராத்திரித் தூக்கம் இருக்காது. எனக்குத் தெரியும்.

இன்னும் இரண்டு கேள்வி. நீங்கள் உப்பளத்து மகள் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அங்கேயும் உப்பளம் உண்டு என்று மகன் சொன்னான், நம்ம உப்பளம் போலவா? பிறகு, குவாங்ஜுவில் குண்டு துளைத்த சுவர் ஒன்றைப் பார்த்தானாம். கூட வந்த கொரியர் எதுவும் பேசாமல் நின்றாராம். அங்கே என்ன நடந்தது?


உப்பளத்து மகள் எழுதியது:

ஐயா, உப்பைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். என் அம்மா இருபத்திரண்டு வருஷம் அளத்தில் உப்பு வாரினவர். பாத்தியில் நின்று நின்று பாதம் வெடித்து, வெள்ளை வெயில் கண்ணில் அடித்து, ஐம்பது வயதிலேயே பார்வை மங்கிவிட்டது. அதனால் ஷினான் தீவுகளுக்குப் போனபோது மற்றவர்கள் போட்டோ எடுத்தார்கள், நான் வாருகிறவர் கையையும் காலையும் பார்த்தேன்.

ஷினான் என்பது முழுக்கத் தீவுகளாலான ஒரு கவுண்டி, நம்ம தாலுகா மாதிரி. 1,004 தீவு என்று கணக்குச் சொல்வார்கள். கொரிய மொழியில் ஆயிரத்து நாலு என்பதும் தேவதை என்பதும் ஒரே உச்சரிப்பு, அதனால் 2019-இல் திறந்த பெரிய பாலத்துக்கும் அதே பெயர். அதில் ஜுங்டோ என்ற தீவில் 1953-இல் கொரியப் போர் முடிந்த கையோடு அகதிகளுக்கு வேலை கொடுக்க ஒரு பெரிய உப்பளம் போட்டார்கள். நாட்டின் வெயில் உப்பில் பெரும்பகுதி தெற்கு ஜொல்லாவில்தான் விளைகிறது. வெயில் உப்பே அங்கே புதிது. முன்னெல்லாம் சேற்று உவரைக் கரைத்து விறகு வைத்துக் காய்ச்சி எடுத்தார்கள். பாத்தி கட்டி வெயிலில் காயவிடும் முறையை 1907-இல் ஜப்பானியர் இஞ்சியோன் பக்கத்தில் தொடங்கினார்கள்.

முறை நம்மது போலத்தான். கடல் தண்ணீரைத் தெப்பத்தில் நிறுத்தி, பாத்தி பாத்தியாக இறக்கி, கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கவிடுவது. ஆனால் நம்ம பக்கம் போர்வெல் போட்டு உவர்த் தண்ணீரை மோட்டாரில் இறைக்கிறோம். அங்கே ஓதமே ஏறி வந்து தெப்பத்தை நிரப்பிவிட்டுப் போகிறது. இன்னொரு வேற்றுமையும் உண்டு. நமக்கு ஐப்பசி வரை மழையைப் பற்றிக் கவலை குறைவு. அவர்களுக்கு நடுக்கோடையில்தான் பெருமழை. அதனால் பாத்திக்கு நடுவில் தரையோடு தரையாகக் குனிந்த கூரை போட்ட குழிகள் இருக்கும். மேகம் கறுத்தால் ஓடிப்போய் மடையைத் திறந்து, ஊறின தண்ணீரை முழுக்க அந்தக் கூரைக்கு அடியில் இறக்கிவிடுவார்கள். மழை விட்டதும் திரும்பப் பாத்திக்கு ஏற்றுவார்கள். நான் போன அன்று மழை வந்தது. வயதான ஒருவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து என் அம்மா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். சித்திரையில் ஒரு கோடைமழை வந்தால் எங்கள் தெருவே அப்படித்தான் அம்பாரத்துக்குக் கீற்று மூட ஓடும்.

ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2014-இல் ஷினான் தீவு உப்பளங்களில் மனநலம் குன்றிய ஆண்களைக் கூலியில்லாமல் வருஷக்கணக்கில் அடைத்து வேலை வாங்கினது வெளியே வந்து நாடே கொதித்தது. வெள்ளை உப்பு என்று விளம்பரம் பார்க்கும்போது எனக்கு அந்த மனிதர்கள் ஞாபகம் வரும்.

சரி, குவாங்ஜு. அதை 1986-இல் மாகாணத்திலிருந்து தனி மாநகரமாகப் பிரித்தார்கள். அதற்கு முன் தெற்கு ஜொல்லாவின் தலைநகர். மாகாண அலுவலகம் 2005-இல்தான் மோக்போ பக்கத்து முவானுக்குப் போனது.

ஜொல்லா என்ற பெயரே ஜோன்ஜு, நாஜு என்ற இரண்டு ஊர்ப் பெயர்களைச் சேர்த்து 1018-இல் வைத்தது. 1896-இல் வடக்கு, தெற்கு என்று பிரித்தார்கள். நாட்டுக்கே சோறு போட்ட பூமி. 1590-களில் ஜப்பான் படையெடுத்தபோது கடற்படைத் தளபதி இ சுன்-சின் இந்த மாகாணம் இல்லையென்றால் நாடே இல்லை என்று எழுதினார். 1597-இல் ஹேநாமுக்கும் ஜிந்தோ தீவுக்கும் நடுவில் உள்ள இடுக்கில், சுழித்து ஓடும் நீரோட்டத்தைத் துணையாக வைத்துக்கொண்டு, 13 கப்பல்களால் நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானியக் கப்பல்களைத் திருப்பியடித்தார். அந்த இடமும் உங்கள் மகன் இருக்கும் இடத்திலிருந்து பக்கம்தான்.

ஆனால் சோறு போட்டவனுக்கு மிச்சம் என்ன? 1897-இல் மோக்போவைத் திறந்தபின் நெல்லும் பருத்தியும் ஜப்பானுக்குப் போயின. பருத்தி ஏற்றின துறைமுகம் என்றால் நமக்குத் தூத்துக்குடி ஞாபகம் வராமல் இருக்காது. 1923-இல் ஷினானில் ஆம்தே தீவுக் குத்தகை விவசாயிகள் ஒரு வருஷம் போராடி, விளைச்சலில் எழுபது, எண்பது சதவீதமாக இருந்த குத்தகையை நாற்பதாகக் குறைத்தார்கள். 1929-இல் நாஜு ரயில் நிலையத்தில் கொரியப் பள்ளி மாணவியரின் சடையை ஜப்பானிய மாணவர்கள் பிடித்து இழுத்ததில் தொடங்கிய சண்டை, நவம்பர் 3-இல் குவாங்ஜு மாணவர் போராட்டமாக நாடு முழுக்கப் பரவியது. விடுதலைக்குப் பின் ராணுவ ஆட்சியில் ஆலைகள் எல்லாம் கிழக்கே கியோங்சாங்குக்குப் போயின. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வேலை தேடி சோல் போனார்கள். எங்கள் தெருப் பையன்கள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பஸ் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த மனக்குறையை அவர்கள் சொன்னபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

1980 மே 18. ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவசரச் சட்டத்தை நாடு முழுக்க நீட்டியது. குவாங்ஜுவில் சொன்னாம் பல்கலைக்கழக வாசலில் மாணவர்களைப் படைவீரர்கள் அடித்தார்கள். ஊர் திரண்டது. மே 21-இல் கூட்டத்தின்மேல் சுட்டார்கள். அதன்பின் படை பின்வாங்க, சில நாட்கள் ஊரை ஊர்க்காரர்களே நடத்தினார்கள். சந்தைப் பெண்கள் சோற்றை உருட்டி உருட்டிப் பையன்களுக்குக் கொடுத்தார்கள். நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டியும் அவர்களில் ஒருவர். அண்டாவில் சோறு வடித்து, உப்புத் தண்ணீரில் கையை நனைத்து உருட்டினதாகச் சொல்வார். அந்த ஒன்றைத்தான் சொல்வார், மற்றதைச் சொல்ல மாட்டார். மே 27 விடியற்காலை மாகாண அலுவலகத்துக்குள் நின்றவர்களை ராணுவம் சுட்டு அடக்கியது. இறந்தவர்கள் அரசு ஒப்புக்கொண்ட கணக்கிலேயே நூற்று அறுபதுக்கு மேல். உங்கள் மகன் பார்த்த சுவர் அநேகமாக அந்த அலுவலகத்துக்கு எதிரே நிற்கும் ஜோனில் கட்டிடமாக இருக்கும். அதில் 245 குண்டுத் தடம் எண்ணி, கட்டிடத்தின் பெயரிலேயே அந்த எண்ணைச் சேர்த்திருக்கிறார்கள்.

கூட வந்தவர் பேசாமல் நின்றார் என்றால் அவரைக் கேள்வி கேட்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். நம்ம ஊரில் 1908 மார்ச் 13-இல் வ.உ.சி.யைக் கைது செய்ததற்காகத் திருநெல்வேலி எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். நமக்கு அது பாடம். அவர்களுக்கு இது அண்ணன், சித்தப்பா.

ஷினானில் ஹாவி என்ற சின்னத் தீவில் பிறந்து, குவாங்ஜு நிகழ்ச்சியைத் தொடர்ந்து மரண தண்டனை விதிக்கப்பட்ட கிம் டே-ஜுங் பிறகு நாட்டின் அதிபரானார், 2000-இல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றார். மோக்போவில் அவர் பெயரில் ஒரு நினைவகம் இருக்கிறது, மகன் ஒரு ஞாயிறு போகலாம்.

இன்னொன்று, சாப்பாடு. யோங்சான்போவில் யாராவது ஹோங்ஓ என்று ஒரு மீன் கொடுத்தால் பயப்பட வேண்டாம். திருக்கை மீன் வகை, புளிக்க வைத்தது. மூக்கில் நவச்சாரம் ஏறுவது போல ஏறும். முற்காலத்தில் கடற்கொள்ளையர் தொல்லைக்குப் பயந்து ஹுக்சான் பக்கத் தீவுக்காரர்கள் ஆற்றில் ஏறி நாஜு வந்து குடியேறினார்கள். படகில் வந்த மீனெல்லாம் கெட்டுப்போக, இது மட்டும் புளித்தும் வயிற்றைக் கெடுக்கவில்லை என்று சொல்வார்கள். கருவாட்டு வாசத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மூன்றாவது வாயில் பழகிவிடும். எனக்குப் பழகியது.


மருதூர்க்கால் எழுதியது:

மகன் நேற்று லீவு போட்டு மறுபடியும் பன்னாம் போனான். வீடியோவில் பேத்தியையும் கூப்பிட்டுக் காட்டினான். தாழி படுத்திருப்பதை அவளே முதலில் சொன்னாள். நம்ம தாழி நிற்கிறது, இவர்களுடையது தூங்குகிறது என்றாள். வெளியே மேட்டுக்குப் பக்கத்தில் வயலில் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு மடை மாற்றிக்கொண்டிருந்தார். மகனிடம் கேமராவை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லி அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். மண்ணை ஒரு வெட்டு வெட்டி, காலால் மிதித்து அடைத்தார். நாங்களும் அப்படித்தான் செய்வோம்.

அடுத்த ஞாயிறு பேத்தியோடு பறம்புக்குப் போகிறேன். மகளே, அணை மதகு திறக்கிற நேரம் வெளியாட்கள் நின்று பார்க்க அங்கே இடம் உண்டா? மகன் ஒரு தடவை போய் நிற்க வேண்டும், நான் போனில் பார்க்க வேண்டும்.


உப்பளத்து மகள் எழுதியது:

உண்டு ஐயா. அணையின் மோக்போ முனையில் இறங்கினால் கரையோரம் நடக்கத் தளம் போட்டிருக்கிறார்கள். மழை பெய்த மறுநாள், கடல் வற்றும் நேரம் பார்த்துப் போகச் சொல்லுங்கள். காற்று பலமாக அடிக்கும், காதை மூடிக்கொள்ள ஏதாவது எடுத்துப் போகட்டும்.